தமாஷா, தமாஷ், கூத்து

(மும்பையின் சயானில் நடந்த இலக்கியக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பில் 'தமாஷ்' என்று பார்த்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்று குடும்பத்தோடு வந்திருப்பவர்கள் யாராவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன். சிரிப்பைப் பற்றிப் பேசுகிறவன் சிரிக்கவைப்பான் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதவில்லை. நடுவில் எழுந்து போகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

மும்பைத் தமிழனுக்கு ஒரு வசதி உண்டு. இந்தச் சொல்லை ஒரே நாளில் மூன்று விதமாகக் கேட்கலாம். காலையில் சயான் ஸ்டேஷனில் லோக்கலில் ஏறும்போது இடிபட்ட இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்றாமவர், 'அரே, தமாஷா மத் கரோ' என்று விலக்குகிறார். ஆபீஸில் பக்கத்து மேசை மராத்திக்காரர், 'எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு, ஜத்ராவுக்கு, இந்த வருஷம் நல்ல தமாஷா வருகிறது, நீங்களும் வாருங்கள்' என்கிறார். ராத்திரி வீட்டில் எதையோ சொல்லித் தொலைத்து, கேட்டவர் முகம் மாறியதும், 'சும்மா தமாஷுக்குச் சொன்னேன்' என்று நாம் பின்வாங்குகிறோம். முதலில் கேட்டது ரகளை. அடுத்தது ஒரு கலையின் பெயர். மூன்றாவது, பொறுப்பைத் தட்டிக்கழிக்க உதவும் ஒரு சாக்கு. தமிழில் நமக்கு வந்து சேர்ந்தது கடைசியில் சொன்னது மட்டும்தான். மற்ற இரண்டும் ஏன் வரவில்லை என்பதைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

சொல்லின் பூர்வீகம் அரபு. அங்கே அதன் வேருக்கு நடத்தல் என்று பொருள். பலர் சேர்ந்து நடப்பது என்ற பொருளில் பிறந்த சொல் பாரசீகத்துக்குப் போனதும், காலாற நடந்து நாலு இடத்தைப் பார்த்துவருவது என்று ஆயிற்று. பிறகு நடை நின்றுபோய்ப் பார்வை மட்டும் மிஞ்சியது. இன்றும் ஈரானில் 'தமாஷா கர்தன்' என்றால் பார்ப்பது. வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்ப்பதற்கும் அதே சொல்தான். உஸ்பெக் மொழியில் 'தொமோஷபின்' என்றால் பார்வையாளர். கிழக்கே போன சொல் மலாயில் 'தெமாஸ்யா' ஆகி, விழா, கொண்டாட்டம் என்று நிற்கிறது. இந்த நாடுகளில் எங்கும் அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. சிரிப்பு அதோடு ஒட்டிக்கொண்டது இந்தியாவில், அதிலும் தக்காணத்துக்குத் தெற்கே வரவர அதிகமாக. கன்னடத்தில் 'தமாஷெ', மலையாளத்தில் 'தமாச', நம்மிடம் தமாஷ், கிராமத்தில் தமாசு. மூன்றிலும் முதலில் நினைவுக்கு வருவது நகைச்சுவைதான்.

அரபும் பாரசீகமும் பேசியவர்களின் படையும் தர்பாரும் போன இடமெல்லாம் இப்படிச் சொற்கள் இறங்கின. கோல்கொண்டா, பீஜப்பூர் படைகள், ஆற்காட்டு நவாப், தஞ்சாவூர் மராட்டியர் என்று நமக்கு வாசல்கள் பல. மேடையில் ஒருவனைப் பாராட்ட நாம் சொல்லும் சபாஷ், பேஷ், ஜோர் மூன்றுமே பாரசீக வீட்டுப் பிள்ளைகள். கைதட்டத் தெரிந்த தமிழனுக்குப் பாராட்டச் சொல்தான் இல்லாமல் போயிற்றா என்று கேட்காதீர்கள். அரண்மனையில் எஜமான் எந்த மொழியில் தலையாட்டுகிறாரோ அந்த மொழியில் பாராட்டு பரவும். அவ்வளவுதான்.

இனி நம் கேள்விக்கு வருகிறேன். தமாஷா தெற்கே வந்தபோது, 'காட்சி' என்ற பொருளுக்கு இங்கே இடம் காலியாக இல்லை. இரண்டு சொற்கள் ஏற்கெனவே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தன. ஒன்று வேடிக்கை. இதைக் கொஞ்சம் கவனியுங்கள். தெருவில் சண்டை நடந்தால் 'வேடிக்கை பார்க்கிறோம்'. ஒருவர் சிரிக்கச் சிரிக்கப் பேசினால் 'வேடிக்கையான மனுஷர்' என்கிறோம். பார்ப்பதும் சிரிப்பதும் ஒரே சொல்லுக்குள். பாரசீகத் தமாஷா தமிழ்நாட்டில் பிறந்திருந்தால் அதற்கு வேடிக்கை என்றுதான் பெயர் வைத்திருப்பார்கள். இன்னொன்று கூத்து. நடிப்பு, ஆட்டம், கலை எல்லாம் கூத்து. 'இது என்னய்யா கூத்து', 'குடித்துவிட்டுக் கூத்தடிக்கிறான்' என்கிறபோது அதே சொல் ரகளையாகவும் ஆகிவிடுகிறது. இந்திக்காரர் 'தமாஷா மத் கரோ' என்பதும், நம் பாட்டி 'கூத்தடிக்காதடா' என்பதும் ஒன்றேதான். ஆக, கலை என்ற பொருளையும் ரகளை என்ற பொருளையும் கூத்து விட்டுக்கொடுக்கவில்லை. வந்த விருந்தாளிக்குத் திண்ணையில் கொஞ்சம் இடம் கிடைத்தது, அதுதான் சிரிப்பு.

கடன் வாங்கிய சொல் இப்படி ஆடையைக் களைந்துவிட்டு வருவதற்கு நம்மிடம் இதைவிட நல்ல சான்று ஒன்று இருக்கிறது: லாவணி. மராத்தியில் லாவணி என்றால் ஒன்பது கஜப் புடவை, கால் நிறையச் சலங்கை, தோல்கி மேளத்தின் அடிக்கு ஆடும் பெண், சிருங்காரம். 1676இல் ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்ததிலிருந்து 1855 வரை மராட்டிய வம்சம் அங்கே இருந்தது. லாவணியும் கூடவே வந்தது. நம்மிடம் அது என்னவாயிற்று? பெண் இல்லை, ஆட்டம் இல்லை. காமன் பண்டிகையில் இரண்டு ஆண்கள் டேப், துந்தினா என்ற வாத்தியங்களை வைத்துக்கொண்டு, மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று விடிய விடியப் பாட்டிலேயே வாதாடுவார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி. சிருங்காரத்துக்கு அதிபதியான மன்மதன் மட்டும் மிச்சம், அவனும் சாட்சிக் கூண்டில். இன்றைக்குப் பத்திரிகையில் 'இரு கட்சிகளும் லாவணி பாடுகின்றன' என்று எழுதுகிறார்களே, அதைப் படிக்கும் மராத்தி நண்பர் திகைத்துப்போவார். அவர் மனக்கண்ணில் இரண்டு தலைவர்களும் சலங்கை கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

தமாஷாவில் நாம் களைந்துவிட்டது என்ன என்று தெரியவேண்டுமானால் மராத்தித் தமாஷாவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். முதலில் 'கண்', அதாவது கணபதி துதி. பிறகு 'கவளண்'. கோபியர் பாலும் தயிரும் சுமந்துகொண்டு மதுரா சந்தைக்குக் கிளம்புகிறார்கள். அவர்களுக்குத் தலைவி 'மாவ்ஷி', நம் கணக்கில் சித்தி. புடவை கட்டிய ஆண்தான் மாவ்ஷி. இடுப்பை ஒடித்து நடை, வாயில் அடைமழை. வழியில் கிருஷ்ணனும் அவன் கூட்டாளி பேந்த்யாவும் மறித்துச் சுங்கம் கேட்பார்கள். மாவ்ஷி விடுவாளா? பாலுக்கு மட்டுமா வரி, அதில் கலந்த தண்ணீருக்கும் சேர்த்தா என்கிற மாதிரி ஆரம்பித்து, அந்த வாரத்துச் செய்தித்தாள் முழுவதையும் கிருஷ்ணன் தலையில் கட்டிவிடுவாள். பெயர்தான் பிருந்தாவனம், விவகாரம் எல்லாம் தாலுகா ஆபீஸ். அதன் பிறகு பதாவணி என்கிற வேடிக்கைப் பேச்சு, லாவணி, கடைசியில் 'வக்' என்ற நாடகம்.

வக்கின் உயிர் சோங்காட்யா. மராத்தியில் 'சோங்' என்றால் வேஷம். அரசனுக்குப் பக்கத்தில் நிற்பான், ஆனால் காலரிக்காரர்கள் பக்கம்தான் இருப்பான். அவன் ஆயுதம் ஒன்றே ஒன்று. காதில் விழுந்ததை வேண்டுமென்றே தப்பாக வாங்கிக்கொள்வது. அரசன் 'என் ஆட்சியில் பசி என்ற பேச்சே இல்லை' என்பான். சோங்காட்யா, 'ஆமாம் மகாராஜா, பேசுவதற்குத் தெம்பு வேண்டுமே' என்பான். இந்த ரகம். இதற்கு எழுத்துப் பிரதி கிடையாது. ஊருக்கு ஊர், ராத்திரிக்கு ராத்திரி மாறும். அவன் பேசி முடித்த மாத்திரத்தில் தோல்கி ஓர் அடி கொடுக்க வேண்டும். அந்த அடி அரை நொடி பிந்தினால் சிரிப்பு செத்தது.

இதைக் கேட்கும்போது மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். ஸ்பெஷல் நாடகத்துப் பபூன். சங்கரதாஸ் சுவாமிகள் போட்ட பாதையில் 'வள்ளி திருமணம்' விடிய விடிய நடக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஜனம் பாயை விரித்துக்கொண்டிருக்கும்போதே பபூன் வந்துவிடுவார். தனியாக நின்று பேசுவார், பாடுவார். பிறகு டான்ஸ்காரப் பெண் ஓடிவந்து அவர்மேல் மோத, இருவருக்கும் வாய்ச்சண்டை. அங்கே தோல்கி செய்கிற வேலையை இங்கே 'ஆல்ரவுண்ட்' செய்வார். டிரம், சிம்பல், இன்னும் என்னென்னவோ தட்டுமுட்டுச் சாமான்களை வைத்துக்கொண்டு, ஜோக் விழும் இடத்தில் 'டம்' என்று ஓசை கொடுப்பவர். வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன். கட்டியம் என்றால் அரசனின் விருதுகளை உரக்கச் சொல்வது. விருதைச் சொல்ல வந்தவனே அரசனைக் கேலியும் செய்வான். சோங்காட்யாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

பபூன் என்ற சொல் இங்கிலீஷ்காரன் வழியாக இத்தாலியிலிருந்து வந்தது. கன்னத்தை உப்பிக் காற்றை ஊதுவதற்கு அங்கே உள்ள சொல்லிலிருந்து பிறந்தது. 'ஃபார்ஸ்' என்பதற்கு லத்தீனில் பூரணம் வைத்து அடைப்பது என்று பொருள். பிரான்ஸில் பக்தி நாடகங்களுக்கு நடுவே இட்டு நிரப்பிய கோமாளித்தனத்துக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். ஸ்லாப்ஸ்டிக் என்பது இத்தாலியக் கோமாளி கையில் வைத்திருந்த இரட்டைப் பலகை. அடித்தால் சத்தம் பெரிது, வலி சிறிது. எல்லாம் நமக்கும் பழக்கமான சரக்குதான். நம் சினிமாவில் கதைக்குச் சம்பந்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த 'காமெடி டிராக்' வேறென்ன? கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தன் பகுதியைத் தானே அமைத்துக்கொண்டு படத்தோடு ஒட்டவைத்தார். பின்னாளில் 'கரகாட்டக்காரன்' போன்ற படங்களுக்கு ஏ. வீரப்பன் டிராக் எழுதிக் கொடுத்தார். படத்தின் கதை மறந்துபோயிற்று, வாழைப்பழம் மறக்கவில்லை. பூரணம்தான் கொழுக்கட்டைக்கு ருசி. ஒரு சின்னத் தகவல்: கலைவாணரும் பின்னாளில் அவர் மனைவியான நடிகை மதுரமும் முதலில் பழகியது 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே போன பயணத்தில். மராட்டிய மண்ணுக்குத் தமிழ் நகைச்சுவை அந்த வகையில் கடன்பட்டிருக்கிறது.

இதெல்லாம் பாமரர் ரசனை, நம் மரபு உயர்ந்தது என்று சொல்பவர்களுக்குக் காஞ்சிபுரத்தை ஞாபகப்படுத்துகிறேன். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன், அரியணையில் இருக்கிற ராஜா, 'மத்தவிலாசப் பிரகசனம்' எழுதினான். குடித்துத் தள்ளாடும் ஒரு காபாலிகன் தன் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு, அதைப் பௌத்த பிக்கு திருடிவிட்டதாகச் சண்டை போடுகிறான். தூக்கிப்போனது ஒரு நாய். அதைக் கொண்டுவந்து கொடுப்பவன் ஒரு பைத்தியக்காரன். கேரளத்துச் சாக்கியார்கள் இன்றைக்கும் அதை மேடையேற்றுகிறார்கள். ராஜா எழுதினால் பிரகசனம், ஊர்க்கோடி ஆள் செய்தால் கூத்தடிப்பது. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

மராத்தித் தமாஷாவை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் மகார், மாங், கொல்ஹாட்டி சமூகத்தவர். பேஷ்வா காலத்தில் சோலாப்பூர் ராம் ஜோஷி போன்ற பிராமணர்களும் லாவணி எழுதினார்கள். ஷ்ரீதர் குல்கர்ணி என்ற பிராமணர் வீட்டைவிட்டு வந்து, மகார் பெண்ணான பவளாவுடன் சேர்ந்து தமாஷா நடத்தி, பட்டே பாபுராவ் என்று புகழ்பெற்றார். இப்படிப்பட்டவர்கள் கதையை ஆச்சரியத்தோடு சொல்கிறோம். ஏனென்றால் அவர்கள் விதிவிலக்கு. நாராயண்காவைச் சேர்ந்த விட்டாபாய், மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே வலியெடுத்து, பின்னால் போய்ப் பிள்ளை பெற்று, தொப்புள்கொடியைக் கல்லால் அறுத்துவிட்டு மறுபடி மேடைக்கு வந்ததாகச் சொல்வார்கள். ஜனாதிபதி விருது வாங்கியவர் அவர். இன்று மாநில அரசே அவர் பெயரில் வாழ்நாள் சாதனை விருது கொடுக்கிறது. இந்த மாதிரி கதைகளைக் கேட்டுக் கண்ணீர் விடுவது சுலபம். பார்வையாளர்கள் ஏன் நிகழ்ச்சியை அன்றைக்கு நிறுத்தச் சொல்லவில்லை என்று கேட்பதுதான் கடினம்.

தமாஷாவைப் புண்ணியக் கலை என்று தூக்கிவைக்க நான் வரவில்லை. அம்பேத்கர் இயக்கத்தார் நடத்திய, ஜல்சா என்ற பிரசார மேடை நிகழ்ச்சிகள் தமாஷாவின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, பெண்ணாட்டத்தையும் கவளணையும் வெட்டி எறிந்தன. அவர்களுக்கு அதில் தெரிந்தது தங்கள் வீட்டுப் பெண்களின் மானம். தமாஷா ஆட்டக்காரி ஒருவரின் மகனாகப் பிறந்து டாக்டரான கிஷோர் சாந்தாபாய் காளே 1994இல் எழுதிய தன்வரலாறு 'கொல்ஹாட்யாச்ச போர்'. அதைப் படித்தவர்களுக்கு லாவணியின் சலங்கைச் சத்தம் பழைய மாதிரி கேட்காது.

ஆனால் அரசாங்கத்தின் கோபம் வேறு மாதிரி. சுதந்திரத்துக்குப் பிறகு பம்பாய் அரசு ஆபாசம் என்று சொல்லித் தமாஷாவுக்குத் தடை போட்டது. மில் தொழிலாளர்கள் நிறைந்த லால்பாக், பரேல் பகுதிகளில் அண்ணாபாவ் சாத்தேயும் அமர் ஷேக்கும் அப்போது செங்கொடிக் கலைக்குழு வைத்துக்கொண்டு தமாஷா வடிவத்தில் முதலாளியையும் மந்திரியையும் வறுத்துக்கொண்டிருந்தார்கள். எது யார் கண்ணை உறுத்தியது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அண்ணாபாவ் என்ன செய்தார் தெரியுமா? பெயரை மாற்றினார். 'லோக்நாட்ய', மக்கள் நாடகம். ஆட்டம் அதே, ஆட்கள் அதே, தோல்கி அதே. சொல் மாறியதும் படித்தவர்களுக்கு உட்காரக் கூச்சம் போய்விட்டது. மராத்தி பேசுவோருக்கு ஒரே மாநிலம் கேட்ட சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் கூட்டம் சேர்த்தது இந்தக் குழுவின் பாட்டுகள்தான்.

கலைக்கு இருந்த பழி பெயரின் மேலும் விழுந்துவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். வடக்கே 'நௌடங்கி' ஒரு கலை, அதே நேரம் 'நடிக்காதே' என்பதற்கு வசவு. நம் தலையங்கக்காரர்களுக்குத் தேர்தல் பிடிக்காவிட்டால் 'ஜனநாயகக் கேலிக்கூத்து'. கூத்தாடி, கோமாளி, பபூன், மூன்றையும் தொழிலின் பெயராகச் சொல்பவர்களைவிட வசவாகச் சொல்பவர்களே அதிகம். ஸ்பெஷல் நாடகத்துக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து சிரித்தவர்கள், அந்தப் பபூன் பெண் கேட்டு வந்தால் கதவைச் சாத்துவார்கள். யாழ்ப்பாணத்தார் நகைச்சுவையைப் 'பகிடி' என்கிறார்கள். அழகான சொல். அதையும் கல்லூரிக்காரர்கள் 'பகிடிவதை' ஆக்கிவிட்டார்கள். தமாஷுக்கு மட்டும் தமிழில் இந்தக் கறை இல்லை. அது எந்த ஜாதியின் தொழிலாகவும் இங்கே இறங்கவில்லை, அதனால் வசவாகவும் ஆகவில்லை. யாரும் ஆடாத கலையின் பெயர் சுத்தமாகத்தானே இருக்கும்?

இந்தச் சயானிலிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் தாதர். 1971இல் அங்கே கோஹினூர் தியேட்டரில் மராத்தி நடிகர் தாதா கோண்ட்கேயின் படம் வெளியாக வேண்டியிருந்தபோது, தியேட்டர்காரர் தேவ் ஆனந்தின் இந்திப் படத்துக்கு இடம் கொடுக்கப் பார்த்தார். சிவசேனையின் பால் தாக்கரே தலையிட்டு மராத்திப் படத்தை ஓடவைத்தார். அந்தக் காலத்தில் இந்த ஊரில் சிவசேனையிடம் தமிழன் பெற்ற அடியை நினைத்தால் அந்தத் தலையீட்டைப் பாராட்ட நமக்கு நாக்கு எழாது. ஆனால் படத்தின் பெயரைப் பாருங்கள்: 'சோங்காட்யா'. தமாஷாக் கோமாளியின் பெயரை ஒரு கதாநாயகன் போஸ்டரில் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டான். கோண்ட்கே மில் பகுதியில் வளர்ந்தவர். இரட்டை அர்த்த வசனத்துக்காக சென்சாரோடு ஓயாமல் மோதியவர். அவர் படங்களில் பாதியை நான் குடும்பத்தோடு பார்க்க மாட்டேன். இருந்தாலும் வசவாக இருந்த சொல்லை நெற்றியில் எழுதிக்கொண்டு வந்த நெஞ்சழுத்தத்துக்கு ஒரு சலாம். 'பபூன்' என்று பெருமையாகப் பெயர் போட்டுக்கொண்ட கதாநாயகன் தமிழில் எத்தனை பேர்?

மும்பையில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் இந்த அவையில் இருக்கின்றன. சென்னையிலிருந்து நகைச்சுவை நாடகக் குழு வந்தால் முன்வரிசை டிக்கெட்டுக்குச் சண்டை போடுகிறோம். நல்லது. பக்கத்து வீட்டுக்காரரின் தமாஷாவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் எனக்குத்தான் தர்மசங்கடம், அதனால் கேட்கவில்லை.

தமாஷாப் பருவம் தசராவில் தொடங்கிப் புத்த பூர்ணிமாவோடு முடியும். புனேயிலிருந்து நாசிக் போகும் சாலையில் சுமார் 75 கிலோமீட்டரில் நாராயண்காவ் இருக்கிறது. மராத்தி வருஷப் பிறப்பான குடி பாட்வாவை ஒட்டித் தமாஷாக் குழுக்கள் அங்கே கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கும். கிராமத்துப் பெரியவர்கள் வந்து, தங்கள் ஊர் ஜத்ராவுக்கு எந்தக் குழு, என்ன தொகை என்று பேசி முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை போய்வாருங்கள். எந்த ஊரில் எந்த ராத்திரி ஆட்டம் என்று அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்குப் போனால், டிக்கெட் உண்டென்றால் வாங்கிக்கொண்டு போங்கள், குழந்தைகளையும் கவளண் முடியும் மட்டுமாவது உட்காரவையுங்கள். திரும்பி வரும்போது சோங்காட்யா வேஷம் போட்டவரின் பெயரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். அவர் பெயர் நோட்டீஸில் இருக்காது.